டோரோ பள்ளத்தாக்கும் மண்ணின் ருசியும்

ஒயின் குடிக்கிற நாடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு மலைச்சரிவின் பாறையும் வெயிலும் காற்றும் மழையும் திராட்சைக்குள் புகுந்து, கடைசியில் கோப்பையில் ருசியாக வந்து நிற்கின்றன என்பது அது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்குத் ‘தெர்வார்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நிலம், சீதோஷ்ணம், சரிவு, அந்த இடத்தின் பழக்கவழக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் போட்டுக் கட்டிவிடலாம். பிறகு அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் விமர்சனத்தில் இதற்குச் சகோதரச் சொல் ‘மண்வாசனை’. ஒரு நாவலைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தோன்றாதபோது கைக்கு வரும் சொல். கரிசல் என்றும் நாஞ்சில் என்றும் கொங்கு என்றும் பேர் சொல்லி, எழுதியவனை அவனுடைய ஊர் மண்ணின் விளைச்சலாகக் காட்டிவிட்டால் விமர்சகனின் வேலை முடிந்தது. அவன் எதைத் தேர்ந்தான், எதை விலக்கினான், யார் வாசிப்பார்கள் என்று எண்ணி எழுதினான் என்ற கேள்விகளெல்லாம் மண்ணுக்கடியில் போய்விடுகின்றன. பாராட்டின் வேஷத்தில் வரும் ஒரு திருட்டு இது என்று எனக்குப் படுகிறது. செய்தவன் கையிலிருந்து செய்கையைப் பிடுங்கி நிலத்திடம் கொடுக்கிற திருட்டு.

இலக்கியத்தை வைத்து இதை வாதிட்டு முடிக்க முடியாது. சான்றுகள் வழுக்கும். ஒயினில் அப்படியல்ல. சுங்க விகிதம், எல்லைக்கல், சட்டம், கல்சுவர் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்றுகள் உண்டு. ஆகவே ஒரு பள்ளத்தாக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போர்த்துக்கல்லின் வடக்கே, டோரோ நதியின் பள்ளத்தாக்கு. ‘போர்ட்’ என்று உலகம் அறிந்த இனிப்பான, உரம் மிகுந்த ஒயின் பிறந்த இடம். குடித்துத் தேர்ந்தவன் என்ற தகுதி எனக்குக் கிடையாது. சரித்திரம் வாசிக்க நாக்கு அவசியமில்லை.

முதலில் நிலத்துக்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். டோரோ ஸ்பெயினில் உற்பத்தியாகி மேற்கே ஓடிப் போர்ட்டோ நகரத்தருகே அட்லாண்டிக்கில் விழுகிறது. கடலுக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே மராவ், மோன்ட்டமூரு என்ற மலைகள் நிற்கின்றன. அட்லாண்டிக்கின் ஈரக்காற்று இவற்றின் மேற்குமுகத்தில் தன்னைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலைக்கு மேற்கே மின்யோ பிரதேசம் பச்சைப்பசேலென்று இருக்கும். மலை தாண்டியதும் உலகம் வேறு. பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, நடுவே 650, ஸ்பெயின் எல்லையை நெருங்கும்போது 400 அல்லது அதற்குச் சற்று அதிகம். ஒரே நதிக்கரையில் நூறு கிலோமீட்டருக்குள் இந்த வித்தியாசம். கோடையில் 40 டிகிரியைத் தொடுகிற வெயில், குளிர்காலத்தில் உறைபனி. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்பது அங்குள்ளவர்களின் சொலவடை. போர்த்துக்கீசிய மொழியில் குளிர்காலத்துக்கும் நரகத்துக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசமாம். அதனால் அந்த வசைக்கு ஒரு எதுகையும் கிடைத்துவிட்டது.

பாறை ஷிஸ்ட் என்னும் தகட்டுப் பாறை. சிலேட்டுப்போல ஏடு ஏடாக இருப்பது, ஆனால் ஏடுகள் படுக்கையாக இல்லாமல் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. அந்தப் பிளவுகளின் வழியே மழைநீர் கீழே இறங்கித் தங்குகிறது. திராட்சையின் வேரும் அதைத் தேடி மீட்டர் கணக்கில் இறங்குகிறது. மேலே பயிர் கருகும் ஆகஸ்டு மாதத்தில் கொடி பிழைத்திருப்பது இந்த ஆழத்தினால்தான். பகலில் சூடேறிய கல் இரவில் அந்தச் சூட்டை விடுகிறது. பழம் கனிகிறது, தோல் தடிக்கிறது, சர்க்கரை ஏறுகிறது. சுற்றிலும் கருங்கல் பிரதேசம். ஷிஸ்ட் முடிகிற இடத்தில் பெரும்பாலும் போர்ட்டும் முடிகிறது. இத்தனையும் உண்மை. தெர்வார் பேசுகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தக்கூடாது. ஏனென்றால் இந்தச் சரிவுகளில் மண் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. நதியை நோக்கிச் செங்குத்தாக விழும் பாறை இருந்தது. அந்தப் பாறையைக் கடப்பாரையாலும் சம்மட்டியாலும், பிற்காலத்தில் வெடிமருந்தாலும் உடைத்து, உடைந்த பெருங்கற்களைக் கொண்டு சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் சிறுகல்லையும் பொடியையும் நிரப்பி, அதை மண் என்று பெயரிட்டவர்கள் மனிதர்கள். படிமேல் படியாக, நதிக்கரையிலிருந்து மலையுச்சி வரை. பழைய படிகள் குறுகலானவை. ஒன்றோ இரண்டோ வரிசைக் கொடிக்கு மேல் இடமிராது. சில இடங்களில் படியின் தட்டைப் பரப்பைத் தானியத்துக்கு விட்டுவிட்டு, சுவரிலேயே பொந்து வைத்து அந்தப் பொந்துக்குள் திராட்சையை நட்டார்கள். சுவரிலிருந்து கொடி எட்டிப் பார்க்கும். ரொட்டிக்கும் ஒயினுக்கும் ஒரு முழம் நிலத்தில் நடந்த பாகப்பிரிவினை அது.

இந்தச் சுவர்களைக் கட்டியவர்களில் பெரும்பகுதியினர் எல்லைக்கு அப்பாலிருந்து, ஸ்பெயினின் கலீஸியாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். அவர்கள் பெயர் எந்தப் புட்டியிலும் இல்லை. 2001இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 24,600 ஹெக்டேரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இயற்கைக் காட்சி என்ற வகையில் அதைச் சேர்க்கவில்லை, மனிதன் ஆக்கிய நிலக்காட்சி என்ற வகையில் சேர்த்தது. ஒயின் வியாபாரிகளின் விளம்பரத்தைவிட அந்தச் சர்வதேச ஸ்தாபனத்தின் வகைப்பாடு நேர்மையானது.

சரி, மண்ணை ஆக்கியது மனிதன் என்றே வைத்துக்கொண்டாலும் ருசியைத் தந்தது வெயில்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பதில் வெயிலில் பாதி இருக்கிறது, லண்டன் சுங்கச்சாவடியில் பாதி இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்கள் விரும்பிக் குடித்தது பிரெஞ்சு ஒயின். பிரான்சோடு பகை வளர்ந்தது. 1678இல் பிரெஞ்சு ஒயினைத் தடை செய்தார்கள். பிறகு தடை போயிற்று, வரி வந்தது. 1703இல் மெத்துவென் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இங்கிலாந்தின் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் ஏற்கும். பதிலுக்குப் போர்த்துக்கீசிய ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி. ஆட்டு ரோமத்துக்கும் திராட்சைக்கும் முடிச்சுப் போட்ட இந்தச் சில வரிகள் டோரோவின் சீதோஷ்ணத்தைவிடக் குறைந்த சக்தி வாய்ந்தவை அல்ல. இங்கிலீஷ் வியாபாரிகள் முதலில் கடற்கரையை ஒட்டிய ஈரமான மின்யோவில்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒயின் மெலிந்தது, புளித்தது, அவர்களுக்குப் போதவில்லை. மலை தாண்டி உள்ளே வந்தார்கள். அங்கே வெயில் காத்துக்கொண்டிருந்தது என்பது வாஸ்தவம். ஆனால் அது பல நூற்றாண்டுகளாகவே காத்துக்கொண்டிருந்தது. தேடிக்கொண்டு ஆள் வந்தது வரிவிகிதத்தினால்.

அவர்கள் மலை தாண்டி வந்து கண்டதும் இன்றைய போர்ட் அல்ல. சர்க்கரை முழுவதும் புளித்துச் சாராயமாகிவிட்ட, இனிப்பற்ற, கறுத்த, கரடுமுரடான செவ்வொயின். கடல் யாத்திரையில் கெட்டுப்போகாமலிருக்கப் பீப்பாய்க்குக் கொஞ்சம் பிராந்தி ஊற்றினார்கள். அவ்வளவுதான். பின்னால் யாரோ அந்தப் பிராந்தியை ஒயின் புளித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றினார்கள். புளிக்கவைக்கும் கிருமி சாராயத்தின் வேகம் தாங்காமல் சாகும். பழத்தின் சர்க்கரையில் பாதி கரையாமல் நிற்கும். இன்று வழங்கும் கணக்கு இது: 435 லிட்டர் பாதி புளித்த சாற்றுக்கு 115 லிட்டர், 77 சதவீதச் சாராயம். இரண்டும் சேர்ந்து 550 லிட்டர், ஒரு ‘பைப்’. இந்தச் செய்முறை பொதுவழக்காக நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். ஆதியிலிருந்தே மண்ணில் இருந்ததாகச் சொல்லப்படும் அந்த இனிப்புக்கு வயது இருநூறு ஆண்டுகூடச் சரியாக ஆகவில்லை.

ருசி எப்படி உத்தரவாகப் போயிற்று என்பதற்கு ஒரு தஸ்தாவேஜு இருக்கிறது. 1750களின் ஆரம்பத்தில் விலை சரிந்தது. போர்ட்டோவிலிருந்த இங்கிலீஷ் வியாபாரிகள் 1754இல் டோரோவிலிருந்த தங்கள் தரகர்களுக்குக் கடிதம் எழுதி, ஒயினில் கலப்படம் செய்து கெடுத்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். தரகர்கள் சும்மா இருக்கவில்லை. இயற்கை கொடுத்த அளவைத் தாண்டி வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே என்று பதில் எழுதினார்கள். நிறம் எழுதுகிற மையைப்போல, இனிப்பு பிரேசில் சர்க்கரையைப்போல, மணம் இந்திய வாசனைத் திரவியத்தைப்போல, வயிற்றில் இறங்கினால் நெருப்பைப்போல இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள், கொடுத்தோம் என்கிற தொனி. நிறத்துக்குக் கறுப்பு எல்டர்பெர்ரிப் பழத்தின் சாறு, வேகத்துக்குப் பிராந்தி, இனிப்புக்குச் சர்க்கரை. மண்ணின் குணம் என்று பின்னால் புகழப்பட்ட ஒவ்வொன்றும் இந்தக் கடிதத்தில் ஒரு வாங்குபவனின் விருப்பமாக இருக்கிறது. விமர்சகன் ஒருவன் கையில் இப்படி ஒரு கடிதம் கிடைப்பது அபூர்வம்.

அடுத்த ஆண்டு, 1755 நவம்பர் 1, லிஸ்பன் பூகம்பம். நகரத்தைத் திரும்பக் கட்டிய மந்திரி, பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர், 1756 செப்டம்பர் 10 அன்று டோரோ ஒயினுக்கென்று ஒரு ராஜாங்கக் கம்பெனியை ஏற்படுத்தினார். பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார்கள். 1757இலும் 1761இலுமாக 335 கருங்கல் தூண்கள் நடப்பட்டன. தூணுக்கு உள்ளே விளைந்தது இங்கிலாந்துக்குப் போகும் உயர்ந்த ஒயின். வெளியே விளைந்தது உள்ளூர்க் குடிக்கு. எல்லை வகுத்ததில் இது உலகத்தில் முதலாவதல்ல. இத்தாலியில் கியாந்திக்கு 1716இலேயே எல்லை சொல்லியாகிவிட்டது. ஆனால் எல்லையோடு தரம், விலை, விற்பனை, மேற்பார்வை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது இங்கேதான். எல்டர்பெர்ரிச் செடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். கொடிக்கு எரு போடுவதைக்கூடத் தடுத்தார்கள். விளைச்சல் பெருகினால் குணம் நீர்த்துவிடும் என்று.

இந்தத் தூண்கள் எதைக் குறிக்கின்றன? ஷிஸ்டின் எல்லையை என்றால் பெரும்பாலும் சரி. ஆனால் பாறையில் தானாக எந்தக் கோடும் இல்லை. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே ஒரு நாள் காலையில் தூண் வந்து நின்றபோது, இரண்டிலும் ஒரே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் ஒன்றின் பழத்துக்கு மதிப்பு, மற்றதற்கு இல்லை. கொஞ்ச காலத்தில் மதிப்புள்ள பக்கம் நல்ல சுவரும் நல்ல கொடியும் நல்ல பராமரிப்பும் பெற்றன, மற்றது பெறவில்லை. நூறு வருஷம் கழித்து ருசிபார்க்க வருகிறவன் இரண்டுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் காண்பான். அதை மண் என்பான்.

கம்பெனிக்குக் கொடுத்த ஏகபோகம் போர்ட்டோ நகரத்துச் சாராயக்கடைக்காரர்களின் வாயில் மண்ணைப் போட்டது. 1757 பிப்ரவரி 23, சாம்பல் புதன். ஜனங்கள் தெருவில் இறங்கிக் கம்பெனிக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். பொம்பால் அதை ராஜத்துரோகமாக எடுத்துக்கொண்டார். பலரைத் தூக்கிலிட்டார்கள். ருசிக்கு எல்லை போடுவதும் ஆளைத் தூக்கில் போடுவதும் ஒரே அதிகாரத்தின் ஒரே வருஷத்துக் காரியங்கள்.

இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் ஈர்க்கும் மனிதர் ஜோசஃப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர். 1809இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிறந்து, 1831இல் போர்ட்டோவுக்கு வியாபாரம் செய்ய வந்தவர். மற்ற இங்கிலீஷ்காரர்கள் நகரத்திலிருந்த தங்கள் சங்கக் கட்டடத்தில் விருந்துண்டு, பழைய பத்திரிகை வாசித்துக் காலம் கழித்தபோது, இவர் படகிலேறி நதியோடு திரிந்தார். போர்த்துக்கீசிய மொழி பேசினார், படம் வரைந்தார். நதியை, அதன் வளைவுகளை, வேகமான பாய்ச்சல்களை, தோட்டங்களை ஒவ்வொன்றாகக் குறித்து அவர் வரைந்த வரைபடம் 1848இல் வெளிவந்தது. டோரோவை ஒரு நிலக்காட்சியாக முழுக்கக் கண்ட முதல் கண் அவருடையது என்று சொல்லலாம்.

அந்தக் கண்தான் அவரைச் சண்டைக்கு இழுத்தது. 1844இல் பெயர் போடாமல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். பிராந்தி ஊற்றுவதும் எல்டர்பெர்ரி கலப்பதும் இந்த ஒயினின் சுபாவத்தைக் கொல்கின்றன. டோரோவின் ஒயின் தானாகப் புளித்துத் தானாகவே நிற்கக்கூடியது என்பது அவர் வாதம். எழுதியவர் யாரென்பது வெகுநாள் மறைந்திருக்கவில்லை. சக வியாபாரிகள் சீறி எழுந்தார்கள். அவர்கள் தரப்பு என்னவென்றால், இவ்வளவு வெயிலில் கனிந்த பழத்தின் ஒயின் பிராந்தியில்லாமல் கடல் தாண்டாது என்பது. இரண்டு தரப்பும் இயற்கையைத்தான் சாட்சிக்கு அழைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நிலம் இரண்டுபேருக்கும் தலையாட்டியது. தீர்ப்புச் சொன்னது இங்கிலாந்தின் நாக்கு. 1820ஆம் வருஷத்து விளைச்சல் அசாதாரணமாகக் கனிந்து, இனித்து, உரமாக அமைந்துவிட்டது என்றும், அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படியே வேண்டுமென்று கேட்க ஆரம்பித்தார்கள் என்றும் ஒயின் சரித்திரங்கள் வழக்கமாகச் சொல்கின்றன. ஒரு வருஷத்தின் தற்செயலான வெயில், வாங்குபவனின் ஞாபகத்தில் சட்டமாகிவிட்டது. ஃபாரெஸ்டர் தோற்றார்.

1855இல் போர்த்துக்கல் அவருக்கு பாரன் பட்டம் கொடுத்தது. 1861 மே 12இல் வலேய்ரா என்ற இடத்தின் பாய்ச்சலில் படகு கவிழ்ந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த தங்கக் காசுப் பை அவரை அமிழ்த்திவிட்டது என்றும், அதே படகிலிருந்த தோட்டக்காரச் சீமாட்டி டோனா அன்ட்டோனியா ஃபெரெய்ராவை அவருடைய குடைப்பாவாடை மிதக்கவைத்துக் கரைசேர்த்தது என்றும் கதை வழங்குகிறது. நதியை அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவனை நதி விழுங்கியது என்று கவித்துவமாக முடிக்க யாருக்கும் ஆசை வரும். அதே வலேய்ராவில் முன்பு நதியை அடைத்துக்கொண்டு பெரும்பாறை கிடந்தது. 1780க்கும் 1792க்கும் நடுவே அதை வெடிவைத்து அகற்றினார்கள். அதற்குப் பின்னர்தான் கிழக்கே ஸ்பெயின் எல்லை வரையிலான வறண்ட பகுதிக்குப் படகு போயிற்று, ஒயினும் வந்தது. இன்று மிக உயர்ந்த போர்ட் விளையும் தோட்டங்கள் சில அங்கே இருக்கின்றன. அந்தத் தெர்வாரின் பிறந்த தேதியைச் சொல்லிவிடலாம்.

இன்னொரு விஷயம். பள்ளத்தாக்கின் வெயிலில் பிறந்த போர்ட், பள்ளத்தாக்கில் வளரவில்லை. வசந்தகாலத்தில் தட்டையடிப் படகில் ஏறிப் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையிலிருக்கும் காயாவுக்கு வந்தது. கடல்மூட்டமும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடம். அங்கே மரப்பீப்பாயில் பத்து, இருபது, நாற்பது வருஷம். மேலே பள்ளத்தாக்கிலேயே வைத்தால் கோடை வெப்பத்தில் சீக்கிரம் முதிர்ந்து வறுபட்ட வாடை வரும். அதற்கு ‘டோரோ வேக்காடு’ என்று இங்கிலீஷ்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஆக ஒரு கோப்பைக்குள் இரண்டு சீதோஷ்ணங்கள் இருக்கின்றன, ஒன்று கொடிக்கு, ஒன்று பீப்பாய்க்கு. புட்டியில் எழுதுவது ஒன்றைத்தான். 1926இலிருந்து 1986 வரை காயாவிலிருந்து மட்டுமே போர்ட் ஏற்றுமதியாகலாம் என்று சட்டம்வேறு இருந்தது. பள்ளத்தாக்கின் சிறு விவசாயி தன் ஒயினைத் தன் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்ப வழியில்லை. காயாவின் மூட்டம் ருசிக்கு எவ்வளவு உதவியதோ, அங்கே கிட்டங்கி வைத்திருந்தவர்களுக்கும் அவ்வளவு உதவியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து திராட்சைக் கொடிகளைத் தின்றது. டோரோவில் மலைமலையாகக் கொடி செத்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். அதாவது இன்று அந்தப் பாறைப்பிளவுக்குள் இறங்கி மண்ணின் குணத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வேர் பெரும்பாலும் அந்நிய வேர். மீள முடியாதவர்களின் படிகள் அப்படியே விடப்பட்டன. புதரும் காட்டுமரமும் மூடிய அந்தப் படிகளுக்கு அங்கே ‘மோர்ட்டோரியோ’ என்று பெயர்; சாவு என்ற சொல்லோடு ஒட்டிய பெயர். சுவர் அப்படியே நிற்கிறது. பாறை அதே பாறை, வெயில் அதே வெயில். ஒயின் மட்டும் இல்லை.

உழைப்பை நான் அழகுபடுத்திப் பேசுவதாகத் தோன்றலாம். அந்த அபாயத்தை அறிந்த போர்த்துக்கீசிய எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். டோரோவுக்கு வடக்கே மலைக்கிராமம் ஒன்றில் 1907இல் பிறந்த மிகெல் டோர்கா, திராட்சை அறுவடைக்காக மலையிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கி வரும் கூலிகளைப் பற்றி 1945இல் ஒரு நாவல் எழுதினார். ஆல்வஸ் ரெடோல் 1949க்கும் 1953க்கும் நடுவே போர்ட் ஒயினை வைத்தே மூன்று நாவல்கள் எழுதினார். பெண்கள் பறிப்பார்கள். ஆண்கள் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட கூடையை முதுகில் ஏற்றிப் படியிறங்குவார்கள். பகல் முழுக்கச் சுமந்தவர்கள் இரவில் கருங்கல் தொட்டிக்குள் இறங்கித் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, தொடைவரை ஏறும் பழக்கூழை மிதிப்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் பட்டாளக் கவாத்துப்போல எண்ணிக்கைக்கு எண்ணிக்கை அடி. அதற்கு ‘வெட்டு’ என்று பெயர். அது முடிந்தபின் அக்கார்டியன் வாசித்து ஆடலாம். அதற்குப் பெயர் ‘சுதந்திரம்’. ஆடினாலும் மிதித்துக்கொண்டுதான் ஆட வேண்டும். கால் விதையை நசுக்காது, தோலை மட்டும் கசக்கும். ஆகவே கசப்பில்லாமல் நிறம் இறங்கும் என்பது இதன் சாஸ்திரம். போர்ட்டின் நிறத்தில் இங்கே எது சீதோஷ்ணம், எது கால் என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

1952இல் ஃபெர்னான்டோ நிக்கொலாவ் ட அல்மெய்டா என்பவர் பள்ளத்தாக்கின் மிக வறண்ட கிழக்குக் கோடியில், டோனா அன்ட்டோனியா உண்டாக்கிய வாலே மெயாவ் தோட்டத்தில், பிராந்தி கலக்காத ஒயின் ஒன்றைச் செய்தார். புளிக்கும்போது சூடு ஏறிக் கெடாமலிருக்கக் கடற்கரையிலிருந்து, போர்ட்டோவை ஒட்டிய மட்டொஸின்யோஸிலிருந்து, லாரியில் ஐஸ் கட்டி கொண்டுவந்தார்கள். மின்சாரம் எட்டாத இடம். பார்க்கா வெல்யா என்று பேரிட்ட அந்த ஒயின் போர்த்துக்கல்லின் தலைசிறந்த செவ்வொயின்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஃபாரெஸ்டர் சொன்னது நூறு வருஷம் கழித்து நிரூபணமாயிற்று என்று எழுதுகிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. ஐஸ் கட்டியில்லாமல் அந்த ‘இயற்கையான’ ஒயின் இல்லை. ஒரே சரிவு கறுத்த முரட்டு ஒயினைத் தந்தது, இனிப்புப் போர்ட்டைத் தந்தது, இதையும் தந்தது. எது அதன் சுபாவம்?

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். நம் மண்வாசனைக்காரர்கள் அவரைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆனால் உரிப்பொருளை நிலத்தின் விளைபொருளாக அவர் எங்கும் சொல்லவில்லை. உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று இடமும் விட்டிருக்கிறார். கவிதைக்கு ஒரு மேடை போட்டுக்கொடுத்தார். மேடை நடிக்கும் என்று சொல்லவில்லை. கரிசலில் பிறந்து எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர், கி.ராஜநாராயணன் ஒருவர்தான். மற்றவர்களுக்கும் அதே மண்தான் கிடைத்தது.

டோரோவுக்கே திரும்புகிறேன். நிலத்தின் குணத்தைக் கணக்குப் போட்டு எழுதிய ஒரு அட்டவணை அங்கே இருக்கிறது. 1932இல் விவசாயிகளுக்கென்று ‘காஸா டோ டோரோ’ என்ற அமைப்பு ஏற்பட்டது. 1940களில் அல்வரோ மொரெய்ரா ட ஃபொன்சேக்கா என்ற நிபுணர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். இடம், உயரம், சரிவு, வெயில் விழும் திசை, காற்றுமறைவு, கல், மண், கொடியின் ரகம், வயது, நெருக்கம், விளைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டலோ கழித்தலோ உண்டு. கூட்டிவந்த தொகைப்படி தோட்டத்துக்கு ஒரு எழுத்து, ஏ மேலானது. அந்த எழுத்தைப் பொறுத்து, விளைச்சலில் எத்தனை லிட்டரைப் பிராந்தி சேர்த்துப் போர்ட்டாக்கலாம் என்று அனுமதி. போர்ட்டுக்குப் போகும் திராட்சையின் விலைக்கும் மீதித் திராட்சையின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம். ஆகவே இந்த அனுமதிச்சீட்டுத்தான் சிறு விவசாயியின் ஜீவனம்.

இந்த அட்டவணையில் உயரம் ஏற ஏற மதிப்பெண் குறையும். வகுத்த காலத்தில் அது நியாயம். உயரத்தில் குளிர் அதிகம், பழம் சரியாகக் கனியாது. இப்போது சீதோஷ்ணமே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. கீழே நதிக்கரையில் கோடை தாங்காமல் பழம் கொடியிலேயே வதங்கும் வருஷங்கள் வருகின்றன. 2017இல் அறுவடை வழக்கத்தைவிட வெகு சீக்கிரத்தில் தொடங்கிவிட்டது. பிராந்தி சேராத ஒயின் செய்கிறவர்கள் அட்டவணை தண்டித்த உயரங்களைத் தேடி ஏறுகிறார்கள். அங்கேதான் புளிப்பு நிற்கிறது. இதற்கிடையே உலகத்தில் போர்ட் குடிப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். அனுமதியளவை 2024இல் 90,000 பைப்பாகக் குறைத்தார்கள். 2025இல் 75,000. சீட்டில் அடங்காத திராட்சையைக் கொடியிலேயே விட்டுவிட்ட தோட்டங்கள் பள்ளத்தாக்கில் உண்டு. அவற்றில் ஏ எழுத்துத் தோட்டங்களும் அடக்கம்.